பக்கத்து இலை

மில் ஓடிய காலத்தில் சங்கு ஊதினால்தான் எங்கள் குடியிருப்புக்குப் பொழுது விடியும். மில்லை மூடிய பிறகு அவரவர் வீட்டில் அவரவர் இஷ்டத்துக்கு விடிந்தது. அப்படி விடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சௌந்தரம் அக்கா வீட்டு டிவிக்குள், செத்துப்போன எங்கள் ஆட்கள் பதினேழு பேர் வரிசையாக இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் தவமணி. வைண்டிங் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் நூல் சுற்றியவள், ஓடுகிற நூலையும் அறுந்த நூலையும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் சொல்கிறவள், என்னிடம் யாரும் கண்கட்டு வித்தை காட்ட முடியாது. அந்த வரிசையில் ஏழாவது இலையில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தது என் அம்மா பொன்னுத்தாய். அவள் போய் இருபது வருஷம் ஆகியிருந்தது.

"உங்கம்மா எப்ப வந்தாக?" என்று சௌந்தரம் அக்கா கேட்டாள்.

"இப்பத்தான் வந்துருக்கா போல" என்றேன். வேறென்ன சொல்ல? அம்மாவுக்குச் சாம்பார் போதவில்லை என்பது அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்தது.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷத்துக்கு முன்னால் செவ்வாய்க்கிழமைதோறும் சாயங்காலம் ஏழரைக்கு 'ஒன்பதாம் நம்பர் வீடு' என்று ஒரு நாடகம் வந்தது. விசாலம் என்கிற அம்மா, ரிட்டயர் ஆன அப்பா, மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள், ஒரு பெரிய கூடம், அவ்வளவுதான். வாரா வாரம் ஒரு சண்டை வரும், வாரா வாரம் கடைசியில் எல்லோரும் அந்தக் கூடத்தில் வரிசையாக இலை போட்டு உட்காருவார்கள், விசாலம் கரண்டியோடு நடந்தபடியே ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள், யார் அழுதார்கள், யார் பொய் சொன்னார்கள், யாருக்குப் பசி என்பதெல்லாம் அவளுக்கு அந்த ஒரு நடையிலேயே தெரிந்துவிடும். அந்த அரைமணி நேரம் குழாயில் தண்ணீர் வந்தால்கூடப் பிடிக்க எங்கள் குடியிருப்பில் ஆள் இருக்காது.

ஆனால் இரண்டாவது ஷிப்டுக்காரர்கள் அந்த நேரம் மில்லுக்குள் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். குடியிருப்பிலேயே சௌந்தரம் அக்கா வீட்டில் மட்டும்தான் வீடியோ டெக் இருந்தது, குவைத்திலிருந்து அவள் தம்பி கொண்டுவந்தது. இரண்டாவது ஷிப்டுக்காரர்கள் பாவம் என்று அவள் வாரா வாரம் நாடகத்தைக் கேசட்டில் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை வாசலில் டிவியை வைத்து எல்லோருக்கும் போட்டுக் காட்டினாள். விளம்பரம் வந்தால் நிறுத்தி, விளம்பரம் முடிந்தால் ஓடவிட்டு, பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் அந்த அரைமணி நேரமும் நின்றுகொண்டே இருப்பாள், அதனாலேயே அந்த நாடகத்தை உட்கார்ந்து பார்க்கிற பாக்கியம் அவளுக்கு மட்டும் கிடைக்கவில்லை.

போன வருஷம் முழங்காலில் ஆபரேஷன் ஆகி நாள் முழுக்க உட்கார்ந்தே கிடக்க வேண்டி வந்ததும், "இப்பவாவது உக்காந்து பாக்குறேன்" என்றாள். பரணிலிருந்து கேசட்டுகள் இறங்கின. ரேடியோ மெக்கானிக் பூபதி டெக்கைப் பிரித்து, பல்லியின் எலும்புக்கூட்டை வெளியே எடுத்து, பெல்ட் மாற்றி ஓடவைத்தார். இருபது வாரக் கதையை நாங்கள் ஒழுங்காகப் பார்த்தோம், மூன்றாவது மருமகளைத் திட்டினோம், திட்டியதற்காகப் பிறகு வருத்தப்பட்டோம். கடைசி ஆறு வாரம் இருந்த கேசட்டைப் போட்டபோதுதான் கூடத்தில் இலைகள் கூடியிருந்தன.

அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்து வந்தாள். வரிசையின் கடைசிக்கு முந்தின இலைக்கு வந்ததும் ரிமோட்டை அமுக்கி நிறுத்திவிட்டாள். அங்கே பட்டு வேட்டியும் கசங்கிய மாலையுமாக, இலையில் கை வைக்காமல், ஜெயக்கொடி உட்கார்ந்திருந்தார்.

ஜெயக்கொடி அக்காவின் நாத்தனார் ராஜகனியின் வீட்டுக்காரர். கல்யாணமாகி மூன்றே வருஷத்தில் மஞ்சள்காமாலையில் போய்விட்டவர். அவர்கள் கல்யாணத்துக்கு இரண்டு கேசட் எடுத்தார்கள். முதல் கேசட்டில் தாலி கட்டினது இருக்கிறது, ஆனால் அதில் வீடியோக்காரர் முதலிலிருந்து முடிவு வரை சினிமாப் பாட்டாகப் போட்டு நிரப்பியிருந்தார், ஒரு மனுஷர் குரலும் கேட்காது. இரண்டாவது கேசட் முழுக்கப் பந்தி. அதற்குப் பாட்டுப் போட அவருக்கு நேரமில்லை, அதனால் எடுத்தது எடுத்தபடியே பேச்சும் சிரிப்பும் அதில் இருந்தன. உங்களுக்குத் தெரியாததா, வீடியோக்காரர் அந்தப் பெரிய லைட்டைத் தூக்கிக்கொண்டு பந்தியில் நுழைந்தால் ஒருவரும் மெல்ல மாட்டார்கள், வாயில் வைத்த சோறு வாயில் இருக்க, கை இலையில் இருக்க, லைட் தாண்டிப் போகிற வரைக்கும் சாமி சிலை மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பந்தியில் மாப்பிள்ளை ஏதோ ஒன்று பேசினார். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த ராஜகனிக்கு வெட்கத்தில் காது அடைத்திருந்தது, அவர் சொன்னது விழவில்லை.

அவர் காரியம் முடிந்த பதினேழாம் நாள், ராஜகனி அண்ணன் வீட்டுக்கு வந்து, "மதினி, அந்தப் பந்திக் கேசட்ட ஒரு தடவ போடுங்க. அவுக குரலக் கேக்கணும்" என்றாள். போட்டார்கள். அதில் 'ஒன்பதாம் நம்பர் வீடு' கடைசி ஆறு வாரம் ஓடியது.

"வெறுங்கேசட்டுன்னு நெனச்சுக் கை தவறிப் போட்டுட்டேன்" என்றாள் சௌந்தரம் அக்கா. ராஜகனி கேசட்டை வெளியே எடுத்து, திருப்பிப் பார்த்து, டிவி மேல் வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்குப் போனவள்தான். இருபத்தெட்டு வருஷத்தில் அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. சொந்த அண்ணன் இறந்தபோதுகூட வந்து, வேப்பமரத்தடியில் நின்று அழுதுவிட்டு, தலை நனைத்துக்கொண்டு நேராகப் பஸ் ஏறிவிட்டாள்.

இப்போது அந்தக் கேசட்டுக்குள் அழிந்துபோன பந்திக்காரர்கள், மேலே ஓடிய நாடகத்தின் வீட்டுக்கே குடிவந்திருந்தார்கள். முப்பது வருஷம் வாயில் வைத்துக்கொண்டிருந்த சோற்றை இப்போதுதான் நிம்மதியாக மென்று விழுங்கினார்கள். விசாலமும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் மகன்களுக்குப் பரிமாறிய கையோடு எங்கள் ஆட்களுக்கும் பரிமாறினாள், ஆள் கூடிவிட்டதால் ரசத்தில் கொஞ்சம் தண்ணீர் சேர்க்கச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தாள், விருந்தாளி முன்னால் சண்டை வேண்டாம் என்று மூத்த மகனும் நடு மகனும் சொத்துத் தகராறைக் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள்.

செய்தி பரவ ஒரு சங்கு நேரம்கூட ஆகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பு முழுக்க அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தது, வேலை தேடித் திருப்பூருக்குப் போனவர்கள் குடும்பத்தோடு வந்தார்கள், டெக் என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைகள் வந்து யாரென்றே தெரியாத தாத்தாக்களுக்குக் கை காட்டின, காட்டின கைக்குத் தாத்தாக்கள் தலையாட்டினார்கள். யாரும் அலறவில்லை, யாரும் மயங்கி விழவில்லை. வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி முதலில் ஒரு தடவை கையெடுத்துக் கும்பிட்டார்கள், பிறகு இவர் இளைத்திருக்கிறாரா, அவருக்கு இன்னொரு அப்பளம் கிடைத்ததா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். "அந்தப் பாயசத்தத் தொடாதீக, உங்களுக்குச் சுகர் இருக்கு" என்று வேலம்மாள் டிவிக்குள் இருந்த தன் வீட்டுக்காரரை அதட்டினாள். "இனிமே என்ன செஞ்சிரப் போகுது, விடு மதினி" என்று யாரோ சொன்னதும் யோசித்துப் பார்த்து, "சரி, குடிங்க" என்றாள். அவர் குடித்தார். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பெரிய ஒன்றைப் பார்த்ததில்லை. நாற்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மனுஷன் பாயசம் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பார்க்கப் பார்க்கச் சில விஷயங்கள் பிடிபட்டன. கல்யாணத்துக்கு வந்தவர்களில் போய்ச் சேர்ந்தவர்கள் மட்டும்தான் வரிசையில் இருந்தார்கள். உயிரோடு இருக்கிறவர்களுக்கு இலை போட்டு, தண்ணீர் தெளித்து, அப்படியே காலியாக விட்டிருந்தது. அம்மாவுக்குப் பக்கத்தில் என் இலை இருந்தது. எண்பத்தொரு வயது சிவனணைஞ்சான் அண்ணாச்சி வாரா வாரம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து தன் இலையைத் தேடி, காலியாக இருப்பதைப் பார்த்து, "சரி, இந்த வாரம் ஓட்டிரலாம்" என்று சொல்லிவிட்டுப் போவார். ஆடி மாதம் ஒரு புதன்கிழமை அவர் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கேசட்டைப் போட்டபோது அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்து கூட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பேரப்பிள்ளைகள் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

இன்னொன்றும் பிடிபட்டது, அதுதான் எங்களை உறுத்தியது. மாப்பிள்ளை சாப்பிடவில்லை. பேசவும் இல்லை. ஆறு வாரக் கதையிலும் ஒவ்வொரு பந்தியிலும் அவர் அந்தக் கடைசிக்கு முந்தின இலையில் உட்கார்ந்து, கடைசி இலையை, அந்தக் காலி இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, பந்தியில் ஒருவர் முடிக்காமல் மற்றவர் எழுந்திருக்கக் கூடாது. அவர் தொடங்கவே இல்லையே, பிறகு எங்கே முடிக்க? நிஜ நாடகத்தில் கடைசி வாரம் எல்லோரும் சாப்பிட்டு எழுந்து, சாமான்களை ஏற்றி, விசாலம் வீட்டைப் பூட்டிச் சாவியை வீடு வாங்கியவர் கையில் கொடுப்பாள். எங்கள் கேசட்டில் யாரும் எழவில்லை. கடைசி வாரம் முடிகிற இடத்தில் பதினெட்டுப் பேரும் விசாலம் குடும்பமும் எச்சில் கை காயக் காய உட்கார்ந்திருந்தார்கள், அப்படியே படம் நின்றுவிடும். அம்மா காய்ந்த விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்கிடையில் நாடா தேய்ந்துகொண்டு வந்தது. ஒவ்வொரு தடவை போடும்போதும் புள்ளிகள் கூடின, முகங்கள் வெளுத்தன. பூபதியின் மருமகன் மதுரைக்குக் கொண்டுபோய் அதை பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தான். அதில் விசாலமும் மகன்களும் மட்டும்தான் இருந்தார்கள். பூபதி நாடாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு தடவ தாங்கும். ரெண்டாவது தடவைக்கு நான் பொறுப்பில்ல" என்றார்.

வேலம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அந்த ஒரு தடவ ராஜகனிக்குத்தான். நாம பாத்தது போதும்." ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. அம்மாவை இனிமேல் பார்க்க முடியாது என்று தெரிந்துதான் நானும் தலையாட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகள் வெறுமையாகிவிட்டன.

அன்று எல்லோரும் போன பிறகு அக்கா என்னிடம், "நீ போய்க் கூப்பிடு தாயி. எனக்காக மன்னிப்புக் கேட்டுறாத. அத நான்தான் கேக்கணும்" என்றாள்.

ராஜகனி சாத்தூரில் தையல் கடை வைத்திருக்கிறாள். நான் சொல்லச் சொல்ல மெஷினை மிதித்துக்கொண்டே கேட்டாள், ஒரு ஜாக்கெட் கை முழுக்கத் தைத்து முடித்தாள்.

"அவுக முகம் எனக்கு மறக்கல தவமணி. போட்டோ இருக்கு. குரல்தான் போயிருச்சு. எப்படி எப்படியோ நெனச்சுப் பாக்குறேன், வேற யாரு குரலோதான் வருது." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அதுல பேசுறாகளா?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பேசல. சாப்பிடவும் இல்ல. பக்கத்து இலையப் பாத்துக்கிட்டே இருக்காரு."

மெஷின் நின்றது. "பக்கத்து இலையில யாரு?"

"யாருமில்ல. அது உன்னோட இலை."

ராஜகனி மெஷின் மேல் உறையைப் போட்டு மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி பஸ்ஸில் வந்தாள். குடியிருப்பு முழுக்க வாசலில் நின்றது, உள்ளே போக யாருக்கும் மனசில்லை. நானும் வேலம்மாளும் பூபதியும் மட்டும் உள்ளே நின்றோம். சௌந்தரம் அக்கா விடிகாலையிலிருந்து சமைத்திருந்தாள், சாம்பார், கூட்டு, ரசம், பாயசம் என்று ஒரு கல்யாணத்துக்கு ஆகிற மாதிரி. சாப்பிட வா என்று சொல்கிற தைரியம்தான் அவளுக்கு இல்லை. கேசட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"ராஜகனி, கை தவறல" என்றாள்.

கேசட்டின் முதுகைத் திருப்பிக் காட்டினாள். கல்யாணக் கேசட்டில் வேறெதுவும் பதியக் கூடாது என்று வீடியோக்காரர்கள் முதுகில் இருக்கிற ஒரு சின்ன பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். அந்த ஓட்டையை எதையாவது ஒட்டி மூடினால் மட்டும்தான் மறுபடி பதியும். ஓட்டையின் மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது, பழுத்து மஞ்சளாகி. மில் ஆஸ்பத்திரியில் எங்களுக்குக் கொடுக்கிற பிளாஸ்திரி. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் விரலில் வெட்டு என்று அக்கா என்னிடம் கேட்டு வாங்கினது. மறுநாள் அவள் விரலில் வெட்டு இல்லாததை நான் பார்த்தேன், கேட்கவில்லை.

"வெறுங்கேசட்டு தீந்துபோச்சு. கடையிலயும் இல்ல. ரெண்டாவது ஷிப்டு சனம் கத முடிவு தெரியாமப் போயிருமேன்னு நெனச்சேன். பந்தியில சாப்பிடுறத யாரு திரும்பப் பாக்கப் போறான்னு நெனச்சேன். தெரிஞ்சேதான் ஒட்டுனேன். அவரு போயிருவாருன்னு தெரியல தாயி, அது ஒண்ணுதான் தெரியல." அக்கா முகத்தை மூடவில்லை, கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது.

"எனக்குத் தெரியும் மதினி. அன்னிக்கே திருப்பிப் பாத்தேன்ல."

"தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேக்கல?"

"நீங்களாச் சொல்லுவீகன்னு இருந்தேன்" என்றாள் ராஜகனி. "இவ்வளவு நாளாகும்னு நெனைக்கல." அப்புறம் டிவிக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "போடுங்க" என்றாள்.

பூபதி கடைசி வாரத்துக்கு ஓட்டிவைத்துப் போட்டார். மழை பெய்கிற மாதிரிக் கோடுகள், அதற்குள் கூடம், அதற்குள் இலைகள். அம்மா இருந்தாள், கரைந்த மாதிரி. சிவனணைஞ்சான் அண்ணாச்சி இருந்தார். ஜெயக்கொடி காலி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராஜகனி உட்கார்ந்து ஒரு நிமிஷம் இருக்கும், அவர் தலையை நிமிர்த்தினார். விசாலம் கரண்டியோடு அவர் முன்னால் வந்து நின்று, "தம்பி, என்ன வேணும்?" என்று கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் வேணாம்மா" என்றார் ஜெயக்கொடி. கொஞ்சம் கம்மலான, வாக்கியத்தின் கடைசியில் இறங்குகிற குரல். "பக்கத்து இலைக்கு வைங்க. அவ காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல."

ராஜகனியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. "இதான்" என்றாள். "இதான் அவுக குரல். இதத்தான் சொன்னாகளா, இத்தன வருஷமா நான் என்னென்னமோ நெனச்சேனே, சோத்தத்தான் சொன்னாகளா." வாசலில் நின்றவர்களும் உள்ளே நின்ற நாங்களும் எங்களை அறியாமல் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம் என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

விசாலம் காலி இலைக்கு வந்தாள். குனிந்தாள். அங்கே ஆள் இல்லை. கரண்டியைப் பிடித்தபடி நிமிர்ந்து, கூடத்தைத் தாண்டி, எங்களைத் தாண்டி, நேராகச் சௌந்தரம் அக்காவைப் பார்த்தாள். முப்பது வருஷமாக ஒவ்வொரு முகமாகப் பார்த்து வருகிற அந்தப் பார்வை அக்காவுக்கு இப்போதுதான் வாய்த்தது.

அக்கா எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, யாரையும் தொடவிடாமல் அடுப்படிக்குப் போனாள். இலை கொண்டுவந்து ராஜகனி முன்னால் போட்டுத் தண்ணீர் தெளித்தாள், சோறு வைத்தாள், சாம்பார் ஊற்றினாள், கூட்டு வைத்தாள். ராஜகனி இலையைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள். அப்புறம் பிசைந்து ஒரு வாய் வைத்தாள்.

ஜெயக்கொடியும் ஒரு வாய் வைத்தார்.

இவள் மெல்ல, அவர் மென்றார். இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வாய் எடுக்க, அவரும் எடுத்தார். இருவரும் அவசரப்படவில்லை. கோடுகள் கூடிக்கொண்டே வந்தன. அவர் கடைசியாக இலையைத் தன் பக்கமாக மடித்தார், உடனே வரிசை முழுக்க மடித்தது, என் அம்மா முட்டியில் கை ஊன்றி எழுந்தாள், எல்லோரும் எழுந்தார்கள், முற்றத்துக் குழாயில் கை கழுவுகிற சத்தம் கேட்டது, ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே வாசலைத் தாண்டிப் போனார்கள். விசாலம் கதவைப் பூட்டினாள். அதற்குப் பிறகு திரையில் வெறும் புள்ளிகள்தான்.

பூபதி டெக்கை நிறுத்தினார். ராஜகனி தலை நிமிரவில்லை, அவள் இலையில் இன்னும் சோறு இருந்தது. கையால் ஒரு குழி பறித்துக்கொண்டு சொன்னாள்:

"மதினி, ரசம் ஊத்துங்க."